பதினோரு மணி நேர ஓய்வு

பிப்ரவரி 3

அண்ணா,

‘அன்புள்ள’ என்று தொடங்கி, அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்துக்கொண்டேன். அம்மா போய் ஏழு மாதமாகிறது. நாம் பேசியும் ஏழு மாதம். அதனால் வேலை விஷயமாகவே எழுதுகிறேன். அது எனக்குச் சுலபம்.

எங்கள் சட்ட வரைவு அலுவலகத்தில் இதுவரை எனக்குக் கிடைத்ததெல்லாம் கிடங்கு, தராசு, எடைக்கல் பற்றிய சட்டங்கள்தான். இந்த மாதம் கப்பல் பணியாளர் சட்டம் என் மேஜைக்கு வந்திருக்கிறது. மிகப் பழையது. மாலுமிக்கு எப்போது எலுமிச்சைச் சாறு தர வேண்டும் என்று அதில் ஒரு பிரிவே இருக்கிறது. அவன் எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. திருத்தி எழுத ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். முதலாளிகள் தரப்பு, தொழிற்சங்கத் தரப்பு எல்லாம் உண்டு. அவர்கள் பேசுவார்கள், நான் எழுத வேண்டும். ஓய்வு நேரம் பற்றிய அத்தியாயம் முழுக்க என் பொறுப்பு.

“கப்பலுக்குள்ள கால் வைக்காம எப்படி சார் எழுதுறது?” என்று பிரிவுத் தலைவரிடம் கேட்டேன். “நான் ஜெயில் சட்டம் எழுதினேம்மா. உள்ள இருந்துட்டு வந்தா எழுதினேன்?” என்றார்.

உலக விதிப்படி எல்லாக் கப்பலிலும் ஓய்வு நேரப் பதிவேடு ஒன்று வைத்திருப்பார்களாமே. உன்னுடையதன் நகல், ஒரு வருடத்துக்கு, அனுப்ப முடியுமா? கப்பல் மின்னஞ்சலை கம்பெனி படிக்கும் என்று முன்பு ஒருமுறை சொன்னாய். அதனால் தபாலிலேயே அனுப்பு. இதை நானும் துறைமுக ஏஜென்ட் முகவரிக்குத்தான் போடுகிறேன்.

வீட்டில் எதையும் நகர்த்தவில்லை.

தங்கை


பிப்ரவரி 27

பொடிசு,

ஏழு மாதம் கழித்து வந்த கடிதம் அரசாங்க நோட்டீஸ் மாதிரி இருந்தது. சீல் குத்தாததுதான் பாக்கி.

கேட்டதை இணைத்திருக்கிறேன். பன்னிரண்டு தாள். கப்பலில் இந்தப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது செகண்ட் ஆபீசர், அதாவது நான்தான். இருபத்திரண்டு பேருக்கும். ஆக, சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓய்வு என்பது விதி. எங்கள் கப்பலில் அதற்குக் கீழே யாருக்கும் இறங்கியதில்லை என்பதைத் தாளிலேயே பார்க்கலாம். எந்தத் துறைமுகத்திலும் இன்ஸ்பெக்டர் ஒரு கேள்வி கேட்டதில்லை.

என் தங்கை நமக்குச் சட்டம் எழுதுகிறாள் என்று செராங்கிடம் சொன்னேன். மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் அவர்தான் மேஸ்திரி. ஐம்பத்திரண்டு வயது. நீ இருக்கும் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் அவர் வீடு. “கடல்ல அலை அடிக்கப்படாதுன்னு ஒரு பிரிவு போடச் சொல்லுங்க சார். மத்ததை நாங்க பாத்துக்குறோம்” என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சொன்னதற்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

அண்ணன்


மார்ச் 22

அண்ணா,

தாள்களுக்கு நன்றி. இவ்வளவு ஒழுங்கான பதிவேட்டை நான் எந்தத் துறையிலும் பார்த்ததில்லை. குழுவிடம் உன் பெயரை மறைத்துக் காட்டினேன். புதிய சட்டத்தின் இணைப்பில் மாதிரிப் படிவமாக இதையே வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

இதை வைத்து நாற்பத்தொன்றாம் பிரிவை எழுதியிருக்கிறேன். பணியாளரே கையெழுத்திட்ட ஓய்வுப் பதிவேடு, அவர் பெற்ற ஓய்வுக்கு முடிவான சான்றாகக் கொள்ளப்படும். விபத்தோ தகராறோ வந்தால் மாலுமி சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை என்று சங்கத்துக்காரர் புலம்பினார். இனி அவன் கையெழுத்துக்கு எதிராக எந்த முதலாளியும் வாய் திறக்க முடியாது. அந்த வாக்கியத்தை எழுதி முடித்த அன்று வீட்டுக்கு நடந்தே போனேன்.

இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒரு வருடத்துத் தாள் நான் சட்டத்துக்காக மட்டும் கேட்கவில்லை. போன ஜூலையையும் பார்க்க நினைத்தேன்.

நீ கப்பலிலிருந்து இறங்குவதற்கு முந்திய ஏழு நாட்கள்: பதினொன்று, பத்தரை, பதினொன்று, பதினொன்று, பத்து, பதினொன்று, பதினொன்று. உன் கையெழுத்தோடு. நான் அலுவலகம் போய்க்கொண்டு, அம்மா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தபடி கண் அசந்த நாட்கள் அவை. நீ வந்ததும் ஒரே ஒரு மத்தியானம், குளித்துவிட்டு வர ஒன்றரை மணி நேரம், அவளை உன்னிடம் விட்டுப் போனேன். திரும்பி வந்தபோது நீ வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாய். அவள் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. எப்போது போனாள் என்று நர்ஸுக்கும் தெரியவில்லை.

“தூங்கறதுக்குத்தான் வந்தியா?” என்று அன்று கேட்டது கோபத்தில் கேட்டது. இப்போது நிதானமாகவே கேட்கிறேன். பதினோரு மணி நேரம் ஓய்வெடுத்தவனுக்கு ஒன்றரை மணி நேரம் விழித்திருக்க முடியவில்லையா?


ஏப்ரல் 17

பொடிசு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நாற்பத்தொன்றாம் பிரிவு என்னைச் சொல்ல வைக்கிறது.

அந்தத் தாள் பொய்.

எல்லாத் தாளும் பொய். கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்துக்கு அரை மணி நேரம். வேலை செய்த கட்டங்களை நிரப்புவேன். பத்து மணி நேரத்துக்குக் குறைந்தால் அந்த நாள் சிவப்பாகிவிடும். சிவப்பு இருந்தால் கம்பெனியிலிருந்து கேள்வி வரும், கேப்டன் என்னைப் பார்ப்பார். நான் கட்டங்களைத் தள்ளித் தள்ளி வைத்து எல்லாவற்றையும் பச்சையாக்குவேன். பிறகுதான் அச்செடுப்பது. உண்மையை எழுதினால் கூடுதலாக நாலு ஆள் போட வேண்டும். போட மாட்டார்கள். எழுதினவனைத்தான் மாற்றுவார்கள்.

கையெழுத்து? அதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆள் கப்பலில் ஏறும் அன்றே பன்னிரண்டு வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வோம். மாதக் கடைசியில் அதில் நான் அச்சடித்துக்கொள்வேன். இது என் யோசனை. முன்பெல்லாம் கையெழுத்துக்காகத் தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. பாவமாக இருந்தது. “சார் வந்த அப்புறம்தான் அரை மணி கூடத் தூங்குறோம்” என்று செராங் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஜூலையைப் பற்றி. சரக்கு இறக்கம், துறைமுக மாற்றம், மறுபடி ஏற்றம். நடுவில் என் வேலையைப் புது ஆளிடம் ஒப்படைத்தது. கடைசியாகப் படுத்தது எப்போது என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தொரு மணி நேரம். அதன்பின் இரண்டு விமானம். அம்மா, “ஏன்டா கண்ணு இப்படி செவந்திருக்கு, போய் படுடா” என்றாள். அவள் என்னிடம் பேசிய கடைசி வாக்கியம் அது. “இல்லம்மா, உக்காந்திருக்கேன்” என்றேன். அது மட்டும் நினைவிருக்கிறது.

இதை அன்றே சொல்லியிருக்கலாம். சாக்கு சொல்கிறான் என்று நினைப்பாய் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பிரிவை எடுத்துவிடு. இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே.

அண்ணன்


மே 9

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். மேலே போக வெகுநேரம் ஆயிற்று. உன்னிடம் மன்னிப்பு கேட்க வேண்டும். கடிதத்தில் அதைக் கேட்க எனக்கு வரவில்லை. நீ வரும்போது கேட்கிறேன்.

பிரிவை எடுத்துவிடு என்கிறாய். அது இனி என்னுடையது இல்லை. முதலாளிகள் தரப்புக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிருக்கிறது. அவர்களுடைய வக்கீல் என் மேஜைக்கே வந்து, “அருமையான டிராஃப்டிங்மா” என்று பாராட்டினார். அப்போது ஏன் என்று புரியவில்லை. முதலாளி வாயை அடைக்க நான் எழுதிய வாக்கியம் மாலுமியின் வாயைத்தான் அடைக்கும் என்று அவருக்கு முதல் வாசிப்பிலேயே தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நாற்பத்து மூன்றாம் பிரிவு. பொய்ப் பதிவு செய்யும் அதிகாரிக்கு இரண்டு வருடம் சிறை, உரிமம் ரத்து. அதையும் நான்தான் எழுதினேன். யாரோ ஒரு அயோக்கியனை மனதில் வைத்துக்கொண்டு எழுதினேன்.

பிரிவுத் தலைவரிடம் பொதுவாகப் பேசிப் பார்த்தேன். “சந்தேகம்னு சொன்னா கமிட்டி கேக்காதும்மா. ஆதாரம் இருக்கா?” என்றார். என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம் உன் கடிதம். ஜூன் இருபத்தாறில் கடைசி அமர்வு. காட்டட்டுமா? நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

தங்கை


மே 30

பொடிசு,

வேண்டாம்.

சீஃப் ஆபீசர் பரீட்சைக்கு இன்னும் எட்டு மாதக் கடல் நாட்கள்தான் பாக்கி. பதினெட்டு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். கரையில் நான் என்ன செய்வேன், சொல். நேராக ஒரு வரிசையில் நிற்கக்கூடத் தெரியாது.

வேறு யாராவது சொல்வார்கள். எத்தனை கப்பல், எத்தனை செகண்ட் ஆபீசர்.

கோதுமைக்காகச் சரக்கறைகளைக் கழுவ ஆரம்பித்திருக்கிறோம். போன முறை ஏற்றியது நிலக்கரி. ஐந்து அறை, எட்டு நாள். செராங் முகம் கரி அப்பி, பல் மட்டும் தெரிய வந்து, “பொண்ணு பாக்கப் போகலாமா சார்?” என்கிறார். அவர் ஓய்வுத் தாளைப் பச்சையாக்கிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணன்


ஜூன் 12

பொடிசு,

செராங் இறந்துவிட்டார்.

ஆறாம் தேதி, காலை பத்தே முக்கால். நாலாம் நம்பர் சரக்கறை. ஏணியில் பாதி வரை ஏறி வந்தவர் கையை விட்டுவிட்டார். வழுக்கவில்லை. மேலே நின்று பார்த்தவன் சொல்கிறான்: “கண்ண மூடினாரு சார். அவ்வளவுதான்.” பன்னிரண்டு மீட்டர். முந்திய நாள் காலை எட்டு மணிக்கு அவர் வேலையில் இறங்கியது. நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஒரு மணி நேரத்தில் கேப்டன் என்னைக் கூப்பிட்டார். “செராங்கோட ஷீட்டை அப்டேட் பண்ணிடுங்க செகண்ட். விசாரணைக்கு வருவாங்க.” நான் பண்ணினேன். அவரைப் போர்வை போட்டு இன்னும் மூடிக்கூட முடிக்கவில்லை, நான் ஜூன் மாதத் தாளை எடுத்து ஐந்தாம் தேதிக்குப் பதினோரு மணி நேரம் ஓய்வு என்று அச்சடித்தேன். கீழே அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. ஏறும் அன்று போட்டது. அவர் பெரிதாகச் சுழித்துப் போடுவார்.

போதிய ஓய்வு பெற்றிருந்தும் கவனக்குறைவால் விழுந்தார் என்று கம்பெனி எழுதிவிட்டது. அப்படியே நின்றுவிட்டால் குடும்பத்துக்கு ஒன்றும் கிடையாது. அது போகட்டும். அவர் கவனக்குறைவான ஆள் இல்லை. பதினாலு வருடமாக என் காலைக் கயிற்றுச் சுருளுக்குள்ளிருந்து இழுத்து விட்டவர்.

கடிதத்தைக் காட்டு. ஏப்ரல் பதினேழாம் தேதிக் கடிதத்தை, இதையும் சேர்த்து, என் பெயரோடு காட்டு. இருபத்தாறாம் தேதிக்குள் இது கிடைக்க வேண்டுமே என்று ஏஜென்ட் கையில் நானே கொடுத்தேன்.

அண்ணன்


ஜூன் 28

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் இருபத்து நாலாம் தேதியே கிடைத்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தபால் தாமதம் என்று எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அமர்வுக்கு இரண்டு கடிதங்களையும் கைப்பையில் வைத்து எடுத்துப் போனேன். நாற்பத்தொன்றாம் பிரிவு வந்தது. சங்கத்துக்காரர், “கையெழுத்தெல்லாம் கட்டாயப்படுத்தி வாங்குறாங்கய்யா” என்றார். முதலாளிகளின் வக்கீல் சிரித்தார். “மாலுமியோட கையெழுத்தையே நம்பாதீங்கன்னு மாலுமி சங்கமே சொல்லுதே!” எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “எழுதினவங்க நீங்கதானே. மாத்தணும்னு சொல்ல உங்ககிட்ட ஏதாவது ஆதாரம் இருக்காம்மா?” என்று கேட்டார்.

பை மடியில் இருந்தது. “இல்லைங்கய்யா” என்றேன்.

எனக்கு நீ மட்டும்தான் இருக்கிறாய். நாற்பத்து மூன்றாம் பிரிவை எழுதின கையாலேயே உன்னை அதற்குள் தள்ள என்னால் முடியவில்லை. செராங் போய்விட்டார், நீ இருக்கிறாய். இப்படி நினைப்பது தப்பு என்று எனக்குத் தெரியும். பிரிவு அப்படியே நிறைவேறியது. அடுத்தது நாடாளுமன்றத்துக்குப் போகும்.

விசாரணையில் நீயாக எதுவும் சொல்லாதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். தாள் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கை


ஜூலை 1

பொடிசு,

கரையில் ஒரு விடுதியில் வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டும் உரிமமும் விசாரணை அதிகாரியிடம். கப்பல் நேற்று என்னை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெற்றுத் தாள், கட்டம் தள்ளுவது, ஆறாம் தேதி அச்சடித்தது, எல்லாம். கேப்டன் எனக்கு எதிரே உட்கார்ந்து, “அப்படி எதுவும் நடக்கலை. பையன் அதிர்ச்சியில இருக்கான்” என்றார். மேலே நின்று பார்த்தவனுக்கு இப்போது ஒன்றும் நினைவில்லையாம். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று குழந்தை.

அதிகாரி, “நீங்க சொல்றதைத் தவிர வேற ஏதாவது இருக்கா? ஆள் செத்ததுக்கு அப்புறம் யார் வேணா என்ன வேணா சொல்லலாமே” என்றார்.

இருக்கு சார் என்றேன். விபத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே இதையெல்லாம் என் தங்கைக்கு எழுதியிருக்கிறேன், அவள் அதைச் சட்டக் குழுவில் கொடுத்துவிட்டாள், அங்கே பதிவாகியிருக்கும், கேட்டுப் பாருங்கள் என்றேன். குறித்துக்கொண்டார். அதைச் சொன்னபோதுதான் அந்த அறையில் முதல் முறையாக எனக்குப் பயம் போயிற்று.

அடுத்த விசாரணை ஆகஸ்ட் ஒன்பது, உன் ஊரிலேயே, கப்பல் துறைத் தலைமை அலுவலகத்தில். செராங் மனைவியையும் அழைத்திருக்கிறார்கள். அவருக்கு இதெல்லாம் புரிய வைக்க ஆள் இல்லை. நீ ஒருமுறை போய்ப் பார். முகவரி கீழே.

அண்ணன்


ஜூலை 24

அன்புள்ள அண்ணா,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. இந்நேரம் என்னுடையதைப் படித்திருப்பாய். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமையில்லை.

செய்ததைச் சொல்கிறேன். நீதிபதி வீட்டுக்குப் போய், உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். கடிதத்தை நின்றபடியே படித்தார். “இருபத்தாறாம் தேதி குடுத்திருக்கலாமேம்மா” என்றார், கோபமே இல்லாமல். சட்டம் பதினெட்டாம் தேதி நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. நாற்பத்தொன்றில் ஒரு சொல்கூட மாறவில்லை. ஏப்ரல் கடிதத்தை, தபால் முத்திரையுள்ள உறையோடு, விசாரணை அதிகாரியிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டேன். அலுவலகத்தில் என்னைத் தற்காலிகமாக நீக்கியிருக்கிறார்கள். ஒன்பதாம் தேதி நானும் சாட்சி.

நேற்று செராங் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரே அறை. அந்த அம்மாள் தையல் மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். கப்பலில் எப்படிப் பதிவேடு வைப்பார்கள், கம்பெனி என்ன சொல்கிறது, நீ என்ன சொல்லியிருக்கிறாய், எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அலுவலகத்தில் குறிப்பு எழுதுவதுபோல் தெளிவாகச் சொல்லிக்கொண்டு போனேன். இருபத்தாறு மணி நேரத்துக்கு மேல் செராங் கண் மூடவில்லை என்றும் சொன்னேன்.

அந்த அம்மாள் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். கம்பெனி அனுப்பிய நகல். ஜூன் மாதத் தாள். நீ அச்சடித்தது. ஐந்தாம் தேதிக் கட்டங்களின் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள்.

“என் பொண்ணு படிச்சு சொன்னா. முந்தின நாள் பதினோரு மணி நேரம் தூங்கியிருக்காரும்மான்னு. வீட்டுக்கு வந்தாக்கூட அப்படித் தூங்க மாட்டாரு. சரி, கடைசியா நல்லாத் தூங்கிட்டுத்தான் போயிருக்காருன்னு நினைச்சுக்கிட்டேன். நாப்பது நாளா அதை வச்சுத்தான் நானும் ராத்திரி படுக்குறேன்.”

தாளைத் திரும்ப உறைக்குள் வைக்க முயன்றார். மூலை மடங்கி, உள்ளே போகவில்லை. நான் கை நீட்டவில்லை.

“அதுவும் பொய்யா?” என்றார்.

“ஆமாம்மா” என்றேன்.

ஒன்பதாம் தேதி வருகிறாராம். எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த பஸ் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டார். வாசல் வரை வந்தவர், அந்தத் தாளை அங்கே எல்லோர் முன்னாலும் படிப்பார்களா என்று கேட்டார். படிப்பார்கள் என்றேன். மகளை அழைத்து வர வேண்டாம் என்று நினைக்கிறேன் என்றார்.

தங்கை